கதையில் கேலி வந்தால் பயம் கூடுமா, குறையுமா?

நள்ளிரவு வாசகன் கேட்டது:

நண்பர்களே, கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயம், இங்கே கேட்டால் யாராவது தெளிவாகச் சொல்வீர்கள் என்று எழுதுகிறேன். முரண்நகையும் (சொல்வதும் உண்மையும் எதிரெதிராக நிற்பது, கேலியும் அதில் ஒரு வகை) பயமும் ஏன் இப்படிச் சேர்ந்தே வருகின்றன?

பேய்க்கதை, கொலைக்கதை எல்லாம் நிறையப் படிப்பவன் நான். ஆனால் படித்ததிலேயே வயிற்றைப் பிசைந்த இடம் எது என்று யோசித்தால், சிலப்பதிகாரத்தில் கோவலன் சிலம்பை விற்கப் போகிற இடம்தான் வருகிறது. அவ்வளவு பெரிய மதுரையில், அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருக்கிற அதே பொற்கொல்லனிடம் போய் "இதற்கு விலை மதிக்க முடியுமா" என்று மரியாதையாகக் கேட்கிறான். இருட்டு இல்லை, ஆவி இல்லை, பட்டப்பகல், ஆள் நடமாட்டம் உள்ள வீதி. ஆனாலும் அங்கே வந்த பயம் வேறு எங்கேயும் வந்ததில்லை.

பேச்சிலும் இதைப் பார்க்கிறேன். பயத்தில் இருப்பவர்கள்தான் நிறையக் கிண்டல் பேசுகிறார்கள். ஒருவன் மிரட்டினால் "ஐயோ, பயந்தே போயிட்டேன்" என்கிறோம். இன்னொரு பக்கம் கிண்டலே ஆளை நடுங்க வைக்கவும் செய்கிறது.

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். புது வீட்டுக்குக் குடிவந்த ஒரு பெண், திறக்காத ஓர் அறை, அவ்வளவுதான் கதை. கதைசொல்லி அவளுடைய பயத்தை லேசாகக் கேலி செய்தபடியே சொல்லிக்கொண்டு போகிறார். படித்துப் பார்த்த ஒருவர் அந்தக் கேலிதான் பயத்தைக் கெடுக்கிறது என்கிறார். இன்னொருவர் அந்தக் கேலி இருப்பதால்தான் பயமாக இருக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

பழைய வாசகி:

நீங்கள் எடுத்த உதாரணத்திலேயே பாதி பதில் இருக்கிறது. அந்த இடத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், இளங்கோ என்ன செய்கிறார் என்று. பதிகத்திலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறார். கோவலன் கொல்லப்படுவான், மதுரை எரியும், எல்லாம் நமக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். ஆகவே அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு அங்கே வேலையே இல்லை. நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இந்த இடைவெளி மட்டும்தான் மிச்சம்.

அந்த இடைவெளியை அவர் எவ்வளவு கவனமாக வளர்க்கிறார் பாருங்கள். கொலைக்களக் காதையில் கோவலன் புறப்படும்போது ஒரு காளை முட்ட வருகிறது. அது கெட்ட சகுனம், "இழுக்கென அறியான்" என்று கவிஞரே சொல்கிறார். அவன் குலத்துக்கு அது தெரியாத சங்கதியாம். பொற்கொல்லன் பணிந்து கைகூப்பி நிற்கும்போது அவனைக் "கூற்றத் தூதன்" என்று நம் காதில் போடுகிறார். கும்பிடு போடுகிறவன் யமனுடைய ஆள், அது நமக்குக் கேட்கிறது, கோவலனுக்குக் கேட்பதில்லை. அப்புறம் கோவலனை ஓரிடத்தில் காத்திருக்கச் சொல்லிவிட்டு அவன் அரண்மனைக்குப் போகிறான். இவனும் நல்ல விலை கிடைக்கப் போகிறது என்று உட்கார்ந்து காத்திருக்கிறான். எனக்கு அந்தக் காத்திருப்புதான் தாங்க முடியாத இடம். ஓடுடா என்று கத்த வேண்டும் போலிருக்கும்.

கிரேக்க நாடகாசிரியர் சோபகிளீசின் ஈடிபஸ் நாடகமும் இப்படித்தான் இயங்குகிறது. முந்தைய அரசனைக் கொன்றவனைக் கண்டுபிடிப்பேன் என்று ஊரறியச் சபிக்கிறான் ஈடிபஸ், கொன்றவனே அவன்தான். ஏதென்ஸில் பார்க்க வந்தவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும். சினிமாவில் இயக்குநர் ஹிட்ச்காக் இதையே பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் எளிமையாகச் சொன்னார்: மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி, பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைப்பு.

ஆனால் இதோடு நிறுத்தினால் பதில் முழுமையாகாது. ஏனென்றால் ஆள்மாறாட்ட நகைச்சுவை நாடகங்களிலும் இதே இடைவெளிதான் இருக்கிறது. முதலாளி வேலைக்காரன் வேஷத்தில் நிற்கிறார், அது தெரியாமல் அவரிடமே ஒருவன் முதலாளியைத் திட்டுகிறான், நாம் சிரிக்கிறோம். அமைப்பு ஒன்றுதான், ஒன்றில் சிரிப்பு, ஒன்றில் பயம். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால், தெரியாமல் நிற்கிறவன் எதை இழக்கப் போகிறான், அவன்மேல் நமக்கு எவ்வளவு பிரியம் என்பதில். அதனால்தான் இளங்கோ கோவலனை நேராகக் கடைத்தெருவுக்கு அனுப்புவதில்லை. முதலில் கண்ணகி கையால் சாப்பிட வைக்கிறார். பெற்றோர் சொல் கேட்கவில்லை, உனக்கும் சிறுமை செய்தேன் என்று அவனை மனம்விட்டுப் பேச வைக்கிறார். கெட்டு அலைந்த ஒருவன் திருந்தி மனைவியோடு புதிதாக வாழலாம் என்று நினைக்கிற அந்தக் கணத்தில்தான் சிலம்பை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அதைப் படிக்காமல் விற்கும் காட்சியை மட்டும் தனியாகப் படித்தால் இவ்வளவு பயம் வராது, நிச்சயமாகச் சொல்வேன்.

உங்கள் கதைக்கும் இதுதான் முதல் கேள்வி. அந்தப் பெண்ணை வாசகருக்குப் பிடிக்கிறதா?

இலக்கண மாணவன்:

அக்கா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் 'தெரிந்தவர், தெரியாதவர்' என்று பிரித்தால் ஒரு முக்கியமான விஷயம் நழுவுகிறது. அதிகாரம்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளில் (உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) நகையும் உண்டு, அச்சமும் உண்டு. நகை பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது எள்ளல், அதாவது கேலி. அச்சம் பிறக்கும் நான்கு இடங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கடைசியாக வருவதைக் கவனியுங்கள். பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்து, தன்னுடைய அரசன். பகை அரசன் என்று சொல்லவில்லை, 'தம் இறை' என்கிறார். காப்பாற்ற வேண்டியவனிடமே வருகிற பயம். இதை ஓர் இலக்கண நூலில் இவ்வளவு நேராக எழுதி வைத்திருக்கிறார் என்பது இன்றைக்கும் எனக்குப் பிரமிப்பு.

இப்போது சிலம்புக்குத் திரும்பி வந்தால், கள்வன் ஒரு பக்கம், இறை ஒரு பக்கம் என்றிருந்த அந்தப் பட்டியல் வழக்குரை காதையில் ஒன்றாகி விடுகிறது. உண்மை தெரிந்ததும் பாண்டியன் சொல்வது "யானோ அரசன், யானே கள்வன்". இலக்கியத்தில் இதைவிடக் கூர்மையான முரண்நகையை நான் படித்ததில்லை. கோவலனைக் கள்வன் என்று கொன்றவன் தன் வாயாலேயே தன்னைக் கள்வன் என்கிறான். அந்த வரியைப் படிக்கும்போது நமக்குப் பாண்டியன்மேல் கோபம் போய், ஒரு நடுக்கம் வருகிறது. அதிகாரத்தில் இருக்கிற யாரும், கெட்டவனாக இல்லாமலேயே, ஒரு சொல்லால் இதைச் செய்துவிட முடியும் என்கிற நடுக்கம்.

அடுத்தது, அதிகாரத்தின் முன்னால் நிற்கிறவர் நேராகப் பேச முடியாது. அப்போதுதான் பேச்சு வளைகிறது. புறநானூறு 95-ஆம் பாட்டு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஔவை அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போகிறார், அவன் தன் ஆயுதச் சாலையைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்கிறவன் தன்னைப் புகழ்ந்ததாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது: உன் ஆயுதம் போரே பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம். அது அலங்காரத்துக்காகச் சொன்னதே இல்லை. எதிரி அரசனுடைய மாளிகைக்குள், அவனுடைய ஆயுதங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, போர் வேண்டாம் என்று ஒருவர் எடுக்கும் முயற்சி அது. அங்கே கேலி, ஆபத்தான இடத்தில் பேசுவதற்கு இருந்த ஒரே வழி. அதோடு, பயத்தை எதிராளி பக்கம் திருப்பி விடுகிற வழியும்கூட.

ஆகவே என் பதில்: முரண்நகையும் பயமும் சேர்ந்து வருவதற்குக் காரணம், இரண்டுமே சமமில்லாத இருவருக்கு நடுவில் பிறக்கின்றன. தெரிந்ததில் சமமில்லாமை ஒரு வகை, பலத்தில் சமமில்லாமை இன்னொரு வகை.

இரவுப் பணி:

நான் இலக்கியம் படித்தவள் இல்லை, அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். கேள்வியின் இரண்டாவது பாதிக்கு மட்டும் எழுதுகிறேன், தினமும் பார்க்கிற விஷயம் என்பதால்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களில் நிறையப் பேர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார்கள். "நல்லா தூங்க வைங்க, ஆனா எழுப்ப மறந்துடாதீங்க" என்பது அடிக்கடி கேட்கிற ஒன்று. எல்லோரும் சிரிப்போம். ஆனால் அது கேள்வி. நான் எழுந்திருப்பேனா என்று நேராகக் கேட்க முடியாமல் அப்படிக் கேட்கிறார். நேராகக் கேட்டால் பதில் வந்துவிடும், அந்தப் பதில் எப்படி இருக்குமோ என்பது ஒன்று. பக்கத்தில் மனைவியும் பிள்ளைகளும் நிற்கிறார்கள், அவர்கள் முன்னால் உடைந்துவிடக் கூடாது என்பது இன்னொன்று. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது, சிரித்துவிட்டு நகர்ந்துவிடாதே, சிரித்த பிறகு ஒரு நிமிடம் நின்று, கையைப் பிடித்து, "நான் இங்கேதான் இருப்பேன், கண் விழிக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவோம்" என்று சொல். அவர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

எங்களுக்குள்ளும் கிண்டல் உண்டு, வெளியே சொன்னால் கல்நெஞ்சம் என்பார்கள். ஆனால் அது உறவினர்கள் காதில் விழவே கூடாது, அதில் நான் கண்டிப்பு. ஒரே வார்த்தை, அந்தக் கட்டிலில் படுத்திருப்பவர் சொன்னால் தைரியம், பக்கத்தில் நிற்கிற நாங்கள் அவரைப் பார்த்துச் சொன்னால் கொடுமை. பயம் யாருடையதோ அவர்தான் அதைக் கேலி செய்யலாம் என்று நான் நினைக்கிறேன். கதைக்கும் இது பொருந்துமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பழைய வாசகி:

இரவுப் பணி, நன்றாகப் பொருந்துகிறது. ஃப்ராய்ட் 1927-இல் நகைச்சுவை பற்றி எழுதிய கட்டுரையில் வரும் உதாரணமும் நீங்கள் சொல்வதுதான்: திங்கட்கிழமை தூக்குமேடைக்கு அழைத்துப் போகப்படுகிற கைதி, "வாரம் நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது" என்கிறான். அவன் சொல்வதால்தான் அதில் ஒரு கம்பீரம். தூக்குப் போடுகிறவன் சொல்லியிருந்தால் காதைப் பொத்திக்கொள்வோம். முதல் உலகப் போரிலும் இப்படி ஒன்று நடந்தது. 1916-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் நகர இடிபாடுகளில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஓர் அச்சு இயந்திரம் கிடைத்தது. குண்டு விழுகிற தூரத்தில் இருந்துகொண்டே அதில் கேலிப் பத்திரிகை அச்சடித்தார்கள், போலி விளம்பரங்களோடு. போர்முனையில் இருந்தவர்களே எழுதி, அங்கிருந்தவர்களே படித்தது.

சின்னக் குரல்:

எல்லோரும் பயந்தவன் கேலி பேசுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கேலியால் பயந்தவர்கள் பக்கம் ஒருவராவது எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார், கத்தவே மாட்டார், அடித்ததும் இல்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும். 'நீ' என்பது 'நீங்க' ஆகும். "வாங்க துரை, இப்பதான் விடிஞ்சுதா?" "ஐயா ரொம்பப் பெரிய வேலை எல்லாம் பார்த்துட்டு வர்றாங்க, வழி விடுங்க." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். குழந்தைக்கு அந்தச் சொற்கள் நல்ல சொற்கள், குரலும் சாதாரணக் குரல், ஆனால் ஏதோ ஆபத்து வந்துவிட்டது என்று மட்டும் தெரியும். எங்கே தப்பு, என்ன தண்டனை, ஒன்றும் புரியாது. திட்டினால் அழலாம், எதிர்த்துப் பேசலாம், இதற்கு என்ன செய்வது? "நான் என்னடா தப்பா சொன்னேன், மரியாதையாத்தானே பேசினேன்" என்று ஒரு வரியில் எல்லாவற்றையும் துடைத்துவிடலாம் அவர். இன்றைக்கும் யாராவது மேலதிகாரி மென்மையாக "சார் இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டாரே" என்றால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

இலக்கண மாணவன் சொன்ன 'தம் இறை' என்பதைப் படித்ததும் எனக்கு அரசன் நினைவுக்கு வரவில்லை.

பலமுள்ளவர் பலமில்லாதவரைப் பார்த்துக் கேலி பேசும்போது அதை நகைச்சுவை என்று இலக்கியத்தில்கூடக் கொண்டாடக் கூடாது என்பது என் கருத்து. நள்ளிரவு வாசகன், உங்கள் கதைசொல்லி அந்தப் பெண்ணைக் கேலி செய்கிறார் என்றீர்கள். அவர் யார்? கணவனா, பக்கத்து வீட்டுக்காரரா, எல்லாம் தெரிந்த ஆசிரியரா? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இலக்கண மாணவன்:

சின்னக் குரல், நீங்கள் எழுதியதை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். 'இறை' என்பதை நான் அரண்மனையோடு நிறுத்திவிட்டேன், வீட்டுக்குள்ளும் அது இருக்கிறது, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி.

குறளில் கயமை அதிகாரத்தைப் பாருங்கள், பொருட்பாலின் கடைசி அதிகாரம். ஒரு குறளை "தேவர் அனையர் கயவர்" என்று ஆரம்பித்து, ஏனென்றால் அவர்களும் மனம்போனபடி நடக்கிறார்கள் என்று முடிக்கிறார். புகழ்வது போலத் தொடங்கி அடிக்கிற அடி. அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளி "அச்சமே கீழ்களது ஆசாரம்" என்கிறார். கயவர் ஒழுங்காக நடப்பதே பயத்தால்தான். வள்ளுவர் கேலி செய்வது யாரை என்று பார்த்தால், தன்னிஷ்டத்துக்கு நடக்கத் துணிந்தவர்களை. பயந்து ஒடுங்கியவரை அல்ல. அந்தக் கேலி வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்கிறது.

நள்ளிரவு வாசகன்:

நான் எதிர்பார்த்ததைவிட நிறையக் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. சின்னக் குரல் கேட்டதற்குப் பதில்: கதைசொல்லி கதைக்குள் இல்லாதவர், எல்லாம் தெரிந்த குரல். அறைக்குள் என்ன இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அப்படியென்றால், தெரிந்துகொண்டே தெரியாதவளைக் கேலி செய்கிறார் என்று ஆகிறது, இல்லையா? அதை எடுத்துவிட்டால் வெறும் பயங்காட்டும் தொனி வந்துவிடுமோ என்றும் இருக்கிறது. "திடீரென்று ஒரு சத்தம்" வகைக் கதையாக இதை எழுத எனக்கு விருப்பமில்லை.

பழைய வாசகி:

கேலியை எடுத்தால் பயங்காட்டும் தொனிதான் வரும் என்பதில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, சாதாரணத் தொனி. கதைசொல்லி கண்ணடிக்கவே கூடாது.

அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் 'லாட்டரி' சிறுகதை 1948-இல் வந்தது. வெயில் நன்றாக அடிக்கிற ஒரு காலை, ஊர் கூடுகிறது, பிள்ளைகள் கல் பொறுக்கி விளையாடுகிறார்கள், பெரியவர்கள் மழை, வரி என்று பேசுகிறார்கள். கடைசியில் சீட்டு விழுந்தவரை ஊரே கல்லெறிந்து கொல்கிறது, அதையும் அந்தக் குரல் அதே நிதானத்தில் சொல்கிறது. யாரையும் கேலி செய்வதில்லை, பயமுறுத்துவதும் இல்லை. கதையைப் படித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்களில் சிலர் இப்படிப்பட்ட லாட்டரி எங்கே நடக்கிறது என்றுகூடக் கேட்டிருந்தார்கள் என்று அவரே பின்னால் எழுதினார். ஸ்விஃப்ட் 1729-இல் எழுதிய 'எளிய யோசனை'யும் அப்படித்தான். அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று ஒருவர் பொறுப்பாக, கணக்குப் போட்டு, நாட்டு நலனுக்காகப் பேசுகிறார். அவருக்குத் தான் கொடூரமாகப் பேசுவது தெரியவே தெரியாது. ஸ்விஃப்ட் ஓரிடத்திலாவது நம்மைப் பார்த்துச் சிரித்திருந்தால் நாம் தப்பித்திருப்போம். கதைசொல்லி கேலி செய்கிறார் என்று தெரிந்த நொடியில் வாசகர் அவர் பக்கத்தில் போய்ப் பாதுகாப்பாக நின்றுகொள்கிறார், அந்தப் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு. உங்கள் முதல் நண்பர் பயம் கெடுகிறது என்றது இதனால்தான் என்று நினைக்கிறேன். இரண்டாமவர் பயந்தது ஒருவேளை அறையைப் பார்த்து இல்லை, அந்தக் குரலைப் பார்த்து. அதுவும் ஒரு கதைதான், ஆனால் அது நீங்கள் எழுத நினைத்த கதையா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேலி வேண்டுமென்றால் இரவுப் பணி சொன்னபடி அவள் வாயில் வையுங்கள். அவள் தன் பயத்தைத் தானே கிண்டல் செய்துகொள்ளட்டும், அதுவும் யாரிடமாவது பேசும்போது, அவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடட்டும்.

இரவுப் பணி:

அவள் அப்படிச் சொல்லும்போது சிரிப்பு முடிந்த உடனே அவள் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பாள். அதை விட்டுவிடாதீர்கள். பயந்தவர்கள் எல்லோரும் வேடிக்கையாகச் சொல்லி முடித்ததும் ஒரு விநாடி நம் முகத்தையே பார்ப்பார்கள்.

நள்ளிரவு வாசகன்:

எடுத்துக்கொள்கிறேன். போனில் அவள் அக்காவிடம் பேசுகிற காட்சி ஒன்று இருக்கிறது, அதை நேரில் சந்திப்பதாக மாற்றினால்தான் முகம் பார்க்க முடியும். மாற்றி எழுதிவிட்டு முதல் நான்கு பக்கங்களை இங்கேயே போடுகிறேன், சின்னக் குரலும் அவசியம் படித்துச் சொல்ல வேண்டும்.